நிலத்தை அரசுடைமையாக்கச் சொன்ன அம்பேத்கர், ‘சோஷலிச’ என்ற சொல்லை ஏன் சேர்க்க விடவில்லை?

“அம்பேத்கர் சோஷலிஸ்டா, தாராளவாதியா? நிலத்தையும் முக்கியத் தொழில்களையும் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1947-ல் எழுதிக் கொடுத்தவர், 1948-ல் ‘சோஷலிச’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்கக்கூட ஒத்துக்கொள்ளவில்லையே, அமைச்சர் பதவி வந்ததும் மாறிவிட்டாரா?” என்று கேட்டிருக்கிறீர்கள். லேபிள் ஒட்டச் சொல்லும் கேள்வி போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது அதைவிடக் கனமானது. ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படி அமைய வேண்டும் என்பதை அதன் அரசியல் சட்டமே எழுதி வைக்கலாமா, இல்லை தேர்தலுக்குத் தேர்தல் வாக்களிக்கும் மக்களிடம் விட்டுவிட வேண்டுமா? இதற்கு அம்பேத்கர் இருபது மாத இடைவெளியில் இரண்டு பதில்களைச் சொன்னார். இரண்டும் மோதுகின்றன. மோதவே இல்லை என்று சாதிப்பவர்களும் சரி, மோதுவதால் அவர் சந்தர்ப்பவாதி என்பவர்களும் சரி, இரண்டில் ஒன்றை மட்டுமே படித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1946 டிசம்பர் 17-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் முதன்முதலாகப் பேசினார். அப்போது அவர் வங்காளத்திலிருந்து தேர்வான உறுப்பினர், காங்கிரசுக்கு எதிர்வரிசை. நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீதான விவாதம் அது. சமூக, பொருளாதார, அரசியல் நீதி என்று தீர்மானம் சொல்கிறதே, அது நிஜமாக வேண்டுமென்றால் தொழிலும் நிலமும் நாட்டுடைமை ஆகும் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டாமா என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து, 1947 மார்ச்சில், அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அவர் எழுதிய ‘ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்’ (மாநிலங்களும் சிறுபான்மையினரும்) என்ற அறிக்கை வந்தது. இதைப் பலர் கோரிக்கை மனு என்று நினைத்துக்கொள்கிறார்கள். திறந்து பார்த்தால் பிரிவு, உட்பிரிவு, விளக்கக் குறிப்பு என்று சட்டப் புத்தகத்தில் அப்படியே கோத்துவிடலாம் போல எழுதப்பட்டிருக்கும். நாட்டுக்கு யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் இந்தியா என்று பெயர் வரை வைத்திருக்கிறார்.

அதில் உங்கள் கேள்விக்கு வேண்டியது பொருளாதாரச் சுரண்டலுக்கு எதிரான பாதுகாப்புப் பகுதி. முக்கியத் தொழில்கள் அரசுக்குச் சொந்தம், அரசே நடத்தும். அடிப்படைத் தொழில்களும் அரசுக்குச் சொந்தம், அவற்றை அரசோ அரசு அமைக்கும் கழகங்களோ நடத்தும். காப்பீடு அரசின் ஏகபோகம். வயது வந்த ஒவ்வொருவரும் தன் கூலிக்கேற்ற ஆயுள் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். விவசாயம் அரசுத் தொழில். தனியார் கையிலிருக்கும் நிலம், தொழில், காப்பீடு மூன்றையும் இழப்பீடு கொடுத்து அரசு எடுத்துக்கொள்ளும். இத்தனையும் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து பத்து ஆண்டுக்குள் தொடங்கிவிட வேண்டும்.

இழப்பீடு என்றதும் பணக்கட்டு என்று எண்ண வேண்டாம். பத்து ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் நிலத்தின் மதிப்புக்குச் சமமான கடன் பத்திரம் அவருக்குக் கிடைக்கும். மதிப்புப் போடும்போது நெருக்கடிக் காலத்தில் எகிறிய விலை, பின்னால் விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு, உழைக்காமல் வந்த ஏற்றம், கட்டாயக் கையகப்படுத்தலுக்கென்று தரும் கூடுதல் தொகை எதுவும் சேராது. பத்திரத்துக்குச் சட்டம் சொல்லும் விகிதத்தில் வட்டி உண்டு. அதை அரசு பணமாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம். பத்திரத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். ஆனால் நிலத்தைத் திருப்பிக் கேட்க அவருக்கும் உரிமை இல்லை, வாங்கியவருக்கும் இல்லை, வாரிசுக்கும் இல்லை. முதலை எப்போது ரொக்கமாகக் கேட்கலாம் என்பதையும் அரசே முடிவு செய்யும். சுருக்கமாகச் சொன்னால் மிராசுதாரர் வட்டிக்காரர் ஆகிறார். ஊரில் அவருக்கிருந்த பிடி போய்விடுகிறது. அந்தப் பிடியைக் கழற்றுவதுதான் திட்டத்தின் உயிர் என்று நான் படிக்கிறேன்.

எடுத்த நிலத்தை அரசு நிர்ணயிக்கப்பட்ட அளவுள்ள பண்ணைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பண்ணையும் அந்தந்த ஊர்க் குடும்பங்கள் சிலவற்றுக்குச் சேர்த்துக் குத்தகைக்கு விடப்படும். கூட்டுப் பண்ணையாகத்தான் உழ வேண்டும். தண்ணீர், உழவு மாடு, கருவி, எரு, விதை எல்லாவற்றுக்கும் அரசு முதல் போடும். விளைச்சலிலிருந்து மூன்று பங்கு முதலில் கழியும்: ஒன்று நிலவரி, ஒன்று பத்திரக்காரர்களுக்குச் சேர வேண்டியது, ஒன்று அரசு கொடுத்த கருவி, மாடு முதலானவற்றுக்கான கட்டணம். மிச்சத்தைக் குடும்பங்கள் விதிப்படி பகிர்ந்துகொள்ளும். சாதி, மத வேறுபாடு இல்லாமல், நிலக்கிழாரும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை என்ற நிலை வரும்படி நிலம் தரப்பட வேண்டும் என்பது எழுத்திலேயே இருக்கிறது.

நில உச்சவரம்பு, குத்தகைச் சட்டம், துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தல் என்று வேறு வழிகள் இல்லையா என்று கேட்கலாம். குத்தகைச் சட்டத்தையும் துண்டு சேர்த்தலையும் அவரே எடுத்துப் பார்த்துத் தள்ளுகிறார். நிலமே இல்லாத ஆறு கோடித் தீண்டப்படாதாருக்கு அவற்றால் ஒரு பயனும் வராது என்பது அவர் வாதம். இந்தச் சிந்தனைக்கு வேர் 1918-ல் இந்தியாவின் சிறு நில உடைமை பற்றி அவர் எழுதிய கட்டுரையிலேயே கிடைக்கிறது. பண்ணை சிறியதா பெரியதா என்பது ஏக்கர் கணக்கில் இல்லை, அதற்குப் பின்னால் நிற்கும் முதலிலும் கருவியிலும் இருக்கிறது; நிலத்தில் தேங்கிக் கிடக்கும் உபரி உழைப்பைத் தொழில் ஈர்த்துக்கொள்ளாமல் விவசாயம் தேறாது என்று அதில் வாதிட்டார். முப்பது ஆண்டு கழித்து அதையே சட்ட மொழியில் எழுதினார் என்று சொன்னால் மிகையில்லை.

திட்டத்தின் பலவீனமும் அதற்குள்ளேயே தெரிகிறது. நிலம், விதை, கடன், காப்பீடு, வேலை எல்லாம் ஒரே கையில் இருந்தால் அந்தக் கையை யார் கேட்பது? பண்ணை நிபந்தனையை மீறுகிற, சாகுபடியில் வேண்டுமென்றே அலட்சியம் காட்டுகிற குத்தகைக் குடும்பத்துக்குத் தண்டனை விதிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறார். தண்டனை விதிக்கும் அதிகாரி எந்தச் சாதியில் பிறந்தவராக இருப்பார் என்று அதே அறிக்கையின் வேறு பக்கங்களில் கவலைப்பட்டவர், இந்த இடத்தில் அதை எழுப்பவில்லை. இது என் விமர்சனம், எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் சாதாரணச் சட்டமாக நாடாளுமன்றம் போட்டால் போதாதா, அரசியல் சட்டத்தில் எதற்கு? இந்த இடத்தில்தான் அறிக்கை தத்துவத்துக்குள் இறங்குகிறது. சோஷலிசத்துக்குத் திட்டமிடல் வேண்டும், திட்டத்துக்கு நிலைத்தன்மை வேண்டும். நாடாளுமன்றப் பெரும்பான்மையோ இன்று ஒன்றாகவும் நாளை வேறாகவும் இருக்கும், ஒருவர் கட்டுவதை அடுத்தவர் இடிப்பார். சர்வாதிகாரம் நிலைத்தன்மை தரும், ஆனால் சுதந்திரத்தைத் தின்றுவிடும். ஆகவே நாடாளுமன்றத்தையும் ஒழிக்காமல், நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கும் விட்டுவிடாமல், அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடுவதுதான் மூன்றாவது வழி என்கிறார். பழைய காலத்துச் சட்ட அறிஞர்கள் அரசியல் அமைப்பின் வடிவத்தைச் சொல்வதோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்; பொருளாதார அமைப்பின் வடிவத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் ‘ஒருவருக்கு ஒரு மதிப்பு’ என்பது நடக்கும் என்று உணரவில்லை என்று குறைசொல்கிறார்.

சுதந்திரம் பற்றி அங்கே வரும் வாதத்தைத் தாராளவாதிகள் நின்று படிக்க வேண்டும். அரசு தலையிடாவிட்டால் சுதந்திரம் மிஞ்சும் என்கிறீர்கள், யாருக்கு மிஞ்சும்? நிலக்கிழாருக்குக் குத்தகை வாரத்தை ஏற்றும் சுதந்திரம், முதலாளிக்கு வேலை நேரத்தைக் கூட்டும் சுதந்திரம். அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை என்பது தனியார் எஜமானனின் சர்வாதிகாரத்துக்கு இன்னொரு பெயர் என்று அடித்துச் சொல்கிறார். வேலையில்லாத ஒருவனிடம் போய், சங்கத்தில் சேராதே, வாய் திறக்காதே, நேரம் காலம் கேட்காதே, ஏதோ ஒரு கூலிக்கு ஏதோ ஒரு வேலை தருகிறேன் என்றால், அவன் அடிப்படை உரிமையையா பிடித்துக்கொண்டு நிற்பான்?

இனி 1948 நவம்பர் 15. நிலைமை தலைகீழ். பிரிவினையோடு வங்காள இடம் போய், பம்பாயிலிருந்து மறுபடி தேர்வாகி, சட்ட அமைச்சராகவும் வரைவுக் குழுத் தலைவராகவும் அமர்ந்திருக்கிறார். பொருளியல் பேராசிரியர் கே.டி. ஷா, முதல் பிரிவில் இந்தியா ‘மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோஷலிச’ ஒன்றியமாக இருக்கும் என்று சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் இரண்டு காரணம் சொல்லி மறுத்தார். அரசியல் சட்டம் என்பது அரசின் உறுப்புகளின் வேலையை ஒழுங்குபடுத்தும் பொறிமுறை. சமூகமும் பொருளாதாரமும் எப்படி அமைய வேண்டும் என்பதைக் காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே முடிவு செய்ய வேண்டும், அதை இப்போதே எழுதி வைப்பது ஜனநாயகத்தை அழிப்பது என்பது முதல் காரணம். முதலாளித்துவத்தைவிட சோஷலிசம் மேல் என்று இன்று பெரும்பான்மையோர் நினைக்கலாம், நாளை அதைவிட மேலான ஒன்றை யாராவது கண்டுபிடிக்கலாம், அவர்கள் காலை ஏன் கட்டிப்போட வேண்டும் என்று கேட்டார். இரண்டாவது, அந்தச் சொல்லுக்குத் தேவையே இல்லை. வழிகாட்டு நெறிமுறைகளில், அதாவது அரசு பின்பற்ற வேண்டிய, ஆனால் நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத கொள்கைகளில், அது ஏற்கெனவே இருக்கிறது என்றார். 31-ஆம் பிரிவை எடுத்து வாசித்தும் காட்டினார்: எல்லோருக்கும் போதுமான பிழைப்பு வழி, பொருள் வளங்களின் உடைமை பொது நன்மைக்கு உதவும்படிப் பகிரப்படுதல், செல்வம் ஓரிடத்தில் குவியாமை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம். இவை சோஷலிசம் இல்லையென்றால் வேறு எதுதான் சோஷலிசம் என்று எனக்குப் புரியவில்லை என்று முடித்தார்.

நடுவே ஓர் எச்சரிக்கை. அவர் வாசித்த 31 வரைவின் 31. இன்றைய அரசியல் சட்டத்தில் அது 39-ஆம் பிரிவு. இறுதிச் சட்டத்தில் 31 என்ற எண் யாருக்குப் போனது தெரியுமா? சொத்துரிமைக்கு! வரைவில் அது 24. (1978-ன் 44-ஆம் திருத்தம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது.) விவாதத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு 1950-ன் புத்தகத்தில் எண்ணைத் தேடுகிறவர்கள், அம்பேத்கர் சொத்துரிமையை சோஷலிசம் என்றார் என்று நேர் எதிராகப் புரிந்துகொள்ள முடியும். அரசியல் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்று அவர் சொன்ன 32-ஆம் பிரிவும் விவாதத்தில் 25 என்றே வரும். வரைவில் 315 பிரிவு, இறுதியில் 395 என்று ஆனதால் எண்கள் வழி நெடுகப் பெயர்ந்திருக்கின்றன.

சரி, முரண்பாடு. பொருளாதார வடிவத்தை அரசியல் சட்டம் சொல்லியே ஆக வேண்டும் என்பது 1947. சொன்னால் ஜனநாயகம் செத்துவிடும் என்பது 1948. இதற்கு மேல் நேராக மோத முடியாது. அவர் சோஷலிசத்தைத் தள்ளவில்லை, சொல்லைத்தான் தள்ளினார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது அவருடைய இரண்டாவது காரணத்துக்குப் பொருந்தும். முதல் காரணத்துக்குப் பொருந்தாது. முதல் காரணம் சொல்லைப் பற்றியதே அன்று, கொள்கையைப் பற்றியது.

பதவிதான் காரணம் என்ற விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் அதைக் கொச்சையாகச் சொல்கிறார்கள். 1947-ல் அவர் ஒரு தரப்பின் வழக்கறிஞர். பட்டியல் சாதியினரின் நலனைக் காப்பதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லாமல்தான் சபைக்குள் வந்தேன் என்று பிற்பாடு அவரே சொன்னார். 1948-ல் சபையின் ஒப்புதலைப் பெற்றுத் தர வேண்டிய குழுவின் தலைவர். அந்தச் சபை காங்கிரசின் சபை. ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு திருத்தமும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்து நடத்த முடிந்தது என்றால் அதற்குக் காங்கிரஸ் கட்சியின் கட்டுப்பாடே காரணம் என்று 1949 நவம்பர் 25-ல் அவர் வெளிப்படையாக நன்றி சொல்லியிருக்கிறார். 1947 திட்டம் அடிப்படை உரிமைகள் துணைக்குழுவிலேயே கரை சேரவில்லை. உரிமைகளை நீதிமன்றம் போய்க் கேட்கக்கூடியவை, கேட்க முடியாதவை என்று இரண்டாகப் பிரித்து, பொருளாதாரம் சார்ந்தவற்றை அயர்லாந்தின் 1937 அரசியல் சட்டத்தைப் பார்த்து இரண்டாவது பெட்டியில் போட்டார்கள். தோற்றுப்போன திட்டத்தைக் குழுத் தலைவர் நாற்காலியிலிருந்து மறுபடி கிளப்ப இடமில்லை. இதுவரை ஆவணம் தாங்கும். மனத்துக்குள்ளும் மாறினாரா என்பது ஊகம்தான். என் ஊகத்தைக் கேட்டால், முழுதாக மாறவில்லை. ஆனால் எதிரியின் நாற்காலியிலிருந்து பார்த்ததும் ஒன்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இன்று நமக்குப் பிடித்த பொருளாதாரத்தை எழுதி வைக்கலாம் என்று கதவைத் திறந்தால், நமக்குப் பிடிக்காததையும் அதே கதவு வழியாகக் கொண்டுவருவார்கள். அன்றைய சபையில் கிராம சுயராஜ்யத்தை அடித்தளமாக்கத் துடித்தவர்கள் பலர் இருந்தார்கள். தனிச் சொத்தைக் காக்க நின்றவர்களும் பலர்.

1948 நவம்பர் 19-ல் அவர் பேசியது இந்த வாசிப்புக்குத் துணை வருகிறது. பொருளாதார ஜனநாயகத்துக்குத் தனிமனிதவாதி ஒரு வழி சொல்வார், சோஷலிஸ்ட் ஒரு வழி, கம்யூனிஸ்ட் ஒரு வழி. இலக்கை எழுதியிருக்கிறோம், வழியை வேண்டுமென்றே இறுக்கமில்லாமல் விட்டிருக்கிறோம், ஒவ்வொருவரும் மக்களிடம் போய்த் தன் வழியே சிறந்தது என்று வாதிடட்டும் என்றார். 1947-ல் வழி உள்ளே இருந்தது, 1948-ல் இலக்கு மட்டும் உள்ளே. இலக்கை மீறுகிறவர் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை, தேர்தலில் வாக்காளரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. இந்த நம்பிக்கை பலித்ததா என்பதை ஒவ்வொரு தேர்தல் அறிக்கையையும் 39-ஆம் பிரிவோடு வைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

இரண்டு ஆண்டிலும் மாறாதது ஒன்று உண்டு. சோஷலிஸ்டா தாராளவாதியா என்ற விவாதத்தில் அது விடுபட்டுப் போகிறது, என்னைக் கேட்டால் அவருடைய அரசியல் தத்துவத்தின் அச்சாணி அதுதான். பெரும்பான்மை என்பது இரண்டு வகை என்றார். அரசியல் பெரும்பான்மை கருத்தால் உருவாவது. இன்று இருக்கும், நாளை கரையும், யாரும் சேரலாம், யாரும் விலகலாம். வகுப்புப் பெரும்பான்மை பிறப்பால் உருவாவது. அதற்குள் நுழையவும் முடியாது, அதைத் தோற்கடிக்கவும் முடியாது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை முதல் வகையை நம்பிக் கட்டப்பட்டது. இந்தியாவில் இருப்பது இரண்டாவது வகை. அந்த முறையை அப்படியே இங்கே நட்டால், பெரும்பான்மைக்கு ஆளும் தெய்வீக உரிமை உண்டு என்று ஆகிவிடும் என்று 1947 அறிக்கையில் சாடுகிறார்.

அதனால்தான் அறிக்கையில் அமைச்சரவை அமைப்பே வேறு. பிரதமரைச் சபை முழுதும் சேர்ந்து மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் (வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறிக்கும் முறை) தேர்ந்தெடுக்கும். சிறுபான்மையினரின் அமைச்சர்களைப் பிரதமர் பொறுக்கி எடுக்க முடியாது. சபையிலுள்ள அந்தந்தச் சிறுபான்மை உறுப்பினர்களே அதே வாக்கு முறையில் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பான்மைச் சமூகத்தின் அமைச்சர்களையோ சபை முழுதும், அதாவது சிறுபான்மையினரும் சேர்ந்து, தேர்ந்தெடுக்கும். கொஞ்சம் நின்று யோசித்தால் இதன் சூட்சுமம் புரியும்: சிறுபான்மைக்கு வேண்டாத ஆள் பெரும்பான்மையின் பெயரால் அமைச்சராவதும் கடினம், பெரும்பான்மைக்குத் தலையாட்டும் ஆள் சிறுபான்மையின் பெயரால் வருவதும் கடினம். இதுவும் தோற்றது. நமக்குக் கிடைத்தது வெஸ்ட்மின்ஸ்டர் முறை, அதாவது அந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை.

1948 நவம்பர் 4-ல் கிராமத்தைப் பற்றி அவர் சொன்னதும் இதே ஊற்றிலிருந்து வந்ததே. கிராமம் என்பது குறுகிய ஊர்ப்பற்றின் சாக்கடை, அறியாமையின், குறுகிய மனத்தின், வகுப்புவாதத்தின் குகை. வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி என்றார். பெரும்பான்மை பிறப்பால் அமையும் இடத்திலேயே மிக நெருக்கமானது, கண்ணுக்குக் கண் பார்க்கும் தூரத்தில் இருப்பது, ஊர்தான். சபையில் பெரும் எதிர்ப்பு கிளம்பி, நவம்பர் 22-ல் சென்னை மாகாணத்தின் கே. சந்தானம் பஞ்சாயத்து பற்றிய பிரிவைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் சண்டை போடாமல் ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய 40. நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத பெட்டியில் அது போனதால் அவருக்குப் பெரிய இழப்பில்லை என்று குறும்பாகச் சொல்லலாம்.

‘அரசியலமைப்பு ஒழுக்கம்’ என்று இன்று நீதிமன்றங்கள் அடிக்கடி எடுக்கும் சொற்றொடரும் அதே நவம்பர் 4 உரையில், கிரேக்க வரலாற்றை எழுதிய ஆங்கிலேயர் குரோட்டை மேற்கோள் காட்டி வந்தது. அது இயற்கையாக வரும் உணர்வன்று, பழக்கி வளர்க்க வேண்டும். இந்திய மண் அடிப்படையில் ஜனநாயகமற்றது, ஜனநாயகம் அதன்மேல் தூவிய மேலுரம் மட்டுமே என்றார். இதை அவர் எதற்காகச் சொன்னார் என்பதை மறந்துவிடுகிறார்கள். நிர்வாக விவரங்களை எல்லாம் அரசியல் சட்டத்தில் எழுதி இவ்வளவு பருமனாக்குவானேன் என்ற புகாருக்குப் பதில் அது. சட்டத்தின் வடிவத்தைத் தொடாமலே நிர்வாக முறையை மாற்றி அதன் உயிரைக் கெடுத்துவிடலாம், அதனால் சட்டசபைகளை நம்பி அதை வெளியே விட முடியாது என்பது வாதம். நம்பிக்கை இல்லாத இடத்தில் எழுதி வை என்ற இந்தப் புத்தி 1947 அறிக்கையில் பொருளாதாரத்துக்கும் நீண்டது, 1948-ல் நிர்வாகத்தோடு நின்றுவிட்டது. இரண்டு அம்பேத்கர்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை நான் இப்படித்தான் அளப்பேன்.

சொத்துரிமைப் பிரிவை வைத்து அவரை முதலாளித்துவவாதி என்பவர்களுக்கு ஒரு பதில். 1955 மார்ச் 19-ல் மாநிலங்களவையில் நான்காம் திருத்தம் பற்றிப் பேசும்போது, 31-ஆம் பிரிவு வரைவுக் குழுவின் பொறுப்பன்று, நேரு, படேல், பந்த் மூவரின் நிலைப்பாடுகளுக்கு இடையே ஏற்பட்ட சமரசம் அது, பார்க்கவே எனக்குப் பிடிக்காத அளவு அசிங்கமானது என்றார். 1953 செப்டம்பர் 2-ல் ஆந்திர மாநில மசோதா விவாதத்தில், நான் ஒரு கூலி எழுத்தாளன், சொன்னதைச் செய்தேன், பலவற்றை விருப்பமில்லாமல் செய்தேன், இதை எரிப்பதில் நானே முதல் ஆளாக இருப்பேன் என்றதும் பிரபலம். இதை மட்டும் வெட்டிப் பரப்புகிறவர்கள் 1955-ல் அவர் தந்த விளக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: கடவுள் குடியேறக் கோயில் கட்டினோம், அதற்குள் பிசாசு வந்து உட்கார்ந்துகொண்டால் இடிப்பதைத் தவிர வேறென்ன செய்வது? அதே சமயம், கோபத்தில் சொன்ன ‘கூலி எழுத்தாளன்’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, 1948 நவம்பர் 15 பேச்சு அவர் கருத்தே இல்லை என்று தள்ளுவதும் தவறு. ஏனென்றால் அமைச்சரவையை விட்டு வெளியே வந்த பிறகும், பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் 1951 தேர்தல் அறிக்கையில், கட்சி கம்யூனிசம், காந்தியம், சோஷலிசம் என்று எந்த இசத்தோடும் கட்டுண்டதல்ல, மக்களை உயர்த்தும் எந்தத் திட்டத்தையும் அது எங்கிருந்து வந்தாலும் ஏற்கும் என்றே எழுதினார். காப்பீட்டை நாட்டுடைமை ஆக்குவதும் கூட்டுப் பண்ணையும் அதே அறிக்கையில் இருக்கின்றன. நிலைப்பாடு தளர்ந்தது, கருவிகள் தங்கின. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனபோது அவர் உயிரோடு இருந்தார். அதை அவருடைய வெற்றி என்று எழுதுவதைப் பார்க்கிறேன். ஒற்றுமை இருக்கிறது, அவரால்தான் நடந்தது என்பதற்குச் சான்று போதாது.

இந்த மோதல் பழங்கதையும் ஆகிவிடவில்லை. 1976-ல் 42-ஆம் திருத்தம் ‘சோஷலிச’, ‘மதச்சார்பற்ற’ என்ற சொற்களை முகப்புரையில் சேர்த்தது. அதை எதிர்த்த மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 25-ல் தள்ளுபடி செய்தது. அம்பேத்கரின் நிறைவுரைக்குச் சரியாக 75 ஆண்டு நிறைந்த நாள் அது, தற்செயலாகத்தான் இருக்கும். அதே மாதம் 5-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்வு 39-ஆம் பிரிவின் ‘சமூகத்தின் பொருள் வளங்கள்’ என்ற தொடருக்குள் எல்லாத் தனியார் சொத்தும் வந்துவிடாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தபோது, அரசியல் சட்டம் எந்தப் பொருளாதாரக் கோட்பாட்டுக்கும் தாலி கட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு அம்பேத்கரையே துணைக்கு அழைத்தது. 1948 அம்பேத்கரை. அந்தப் பிரிவின் வாசகத்தை விவாதித்தபோது, இயற்கை வளங்களின் உடைமை சமூகத்துக்கே என்று இன்னும் வெளிப்படையாக எழுதக் கே.டி. ஷா கேட்டதற்கு, வரைவின் சொற்கள் உங்களுடையதைவிட விரிந்தவை, நீங்கள் சொல்வதும் அதற்குள் அடங்கும் என்று அதே அம்பேத்கர் பதில் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வழக்கு இன்னும் சுவாரசியமாகும்.

கடைசியாக லேபிள். தாராளவாதி என்றால் 1947-ன் நிலப் பத்திரங்கள் இடிக்கின்றன. மார்க்சிஸ்ட் என்றால் வன்முறையும் சர்வாதிகாரமும் ஆகாது என்று 1956 நவம்பரில் காத்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசியது இடிக்கிறது. கொலம்பியாவில் அவருக்குக் கற்பித்த ஜான் டூயியின் வழியில், ஜனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டுமன்று, சேர்ந்து வாழும் முறை என்று 1936-லேயே எழுதியவர் அவர். அந்தச் சேர்ந்து வாழ்தலுக்கு எது தடையோ அதன்மேல் கை வைத்தார்: ஒரு சமயம் அது நிலக்கிழார், ஒரு சமயம் ஊர், ஒரு சமயம் அரசு, ஒரு சமயம் தலைவர் மீதான பக்தி. கட்டாயம் ஒரு பெயர் வைத்தே தீர வேண்டுமென்றால் 1947 அறிக்கையில் அவரே கொடுத்த விவரணையை எடுத்துக்கொள்ளுங்கள்: நாடாளுமன்ற ஜனநாயகத்தோடு கூடிய, சர்வாதிகாரம் இல்லாத அரசு சோஷலிசம். அதைச் சொல்லும்போது ஆண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.